அரைப்புள்ளி

ஒக்டோபர். கட்டடத்துக்கு இன்னும் சூடு விடவில்லை.
பழைய மடிக்கணினிதான் இன்றிரவு எங்கள் கணப்பு.
விசிறி கத்த, அடிவயிறு கொதிக்க,
இருபத்துமூன்று வருடத்தைப்
பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்குள்
வார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த இன்னொன்று மொந்த்ரோய் சந்தையில்
எண்பது யூரோவுக்கு வாங்கியது.
உள்ளே விண்டோஸ் இல்லை.
லினக்ஸ் போடு, காசும் கேட்காது உளவும் பார்க்காது என்று
என்னோடு உணவகத்தில் பாத்திரம் கழுவும் இத்ரிஸா
ஒரு யுஎஸ்பி தந்தான்,
வெங்காய மணத்தோடு.

போகிறவை போகின்றன:
சம்பளச் சீட்டுகள், வதிவிட அட்டையின் இரண்டு பக்கம்,
பிரெஃபெக்த்துரில் கையில் கிடைத்த வரிசை இலக்கம்
(அதை ஏன் படமெடுத்தேன்?),
ஒன்பதாயிரம் புகைப்படங்கள்.
அங்கே இறங்கியதும் எல்லாம் ஒரே தேதியைச் சொல்கின்றன.
மகன் பிறந்தது இன்று. அவனுக்குப் பல் விழுந்ததும் இன்று.
மச்சானின் கலியாணம் இன்று,
அது முறிந்தபின் அவன் போட்ட விருந்தும் இன்று.

பிறகு ஒரு கோப்பு. பெயர்: கடிதம்1.
சரியாக வந்ததா என்று பார்க்கத்தான் திறந்தேன்.

எம், டி, அரைப்புள்ளி,
பெரிய ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ்.

பாமினி.
எழுத்துருவை ஏற்றிவர மறந்துவிட்டேன்.
அந்தக் காலத்தில் கணினித் தமிழ் என்பது
ஆங்கில எழுத்துக்குப் போட்டுவிட்ட சட்டை.
கழற்றினால் இப்படித்தான்.

"என்ன அது?"
"ஒண்டுமில்லை. உடைஞ்ச கோப்பு. அழிச்சுவிடுறன்."

சுகிர்தா தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.
மறந்தே போனேன்,
லாஷப்பல் அச்சகத்தில் ஒன்பது வருடம் இருந்தவள்.
பூப்புனித நீராட்டு, அறுபதாம் கலியாணம், முப்பத்தோராம் நாள்,
பாரிஸ் தமிழரின் பாதி மகிழ்ச்சியும் முழுத் துக்கமும்
அவள் விரல் வழியே போனவை.
வலது சுண்டுவிரலில் அகரம் இருக்கும்.
இடது நடுவிரலில் னகரம்.

திரையைப் பார்த்தாள்.
மேசைவிரிப்பில் விரல்கள் அசைந்தன.
சுண்டுவிரல். நடுவிரல். மற்றக் கையின் நடுவிரல்.

"அன்புள்ள" என்றாள்.

"அன்புள்ள வதனி."

விசிறி மட்டும் கத்தியது.

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை,
பிழை திருத்துகிறவர்கள் வாசிக்கும் விதம்:
"விசா இந்த மாதமும் இல்லை. நீ காத்திருக்க வேண்டாம்
என்று சொல்லத்தான் எழுத உட்காரந்தேன். ஆனால்"

நிறுத்தினாள்.
"ஆனாலுக்குப் பிறகு?"
"பிறகு இல்லை. கோப்பு அவ்வளவுதான்."

உன்னைக் காண மூன்று வருடம் முந்தியது,
அனுப்பவே இல்லை,
அவள் இப்போது எங்கே என்றும் தெரியாது
என்பவை எல்லாம் என் தொண்டையில்
விடியற்காலைப் பிரெஃபெக்த்துர் வாசல்போல
வரிசையில் நின்றன. ஒன்றையும் கூப்பிடவில்லை.

அவள் திரைக்குக் கிட்ட வந்தாள்.
"உட்காரந்தேன் எண்டு கிடக்கு.
ரகரத்துக்குப் புள்ளி விட்டிட்டியள்."
"ம்."
"பாமினியில ஒவ்வொரு ஒற்றுக்கும் அரைப்புள்ளி அடிக்கவேணும்.
அடிக்காட்டி அது மெய் இல்லை."

கணினியைத் தன் பக்கம் திருப்பி
இடத்தைத் தேடி
ஒரேயொரு அரைப்புள்ளி அடித்தாள். சேமித்தாள்.
என் தேநீரையும் சேர்த்துக் குடித்தாள்,
ஆறிப்போயிருந்தது இரண்டும்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் வந்து சேர்ந்தன.
பழையதை அணைத்தேன்.
தொட்டால் அடியில் இன்னும் சூடு.

கடிதம்1 புதியதில் இருக்கிறது.
கடைசியாகத் திருத்திய தேதி இன்று,
இந்த ஒரு கோப்பில் மட்டும் அது உண்மை.

பாமினி இணையத்தில் சும்மா கிடைக்கிறது,
இறக்க ஒரு நிமிடம் ஆகாது.
நான் இறக்கவில்லை.
இப்போதைக்கு இந்த வீட்டில்
அதை வாசிக்கத் தெரிந்தவள்
அவள் ஒருத்திதான்.